கேட்டில் நிற்கும் பிரின்சிபால்

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளிக்கு ஜூனில் புது பிரின்சிபால் மேடம் வந்திருக்கிறார். தினமும் காலை ஏழு மணிக்கு கேட்டில் நின்று பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். "எல்லாம் ஷோ, தீபாவளி வரைக்கும்தான்" என்கிறார் என் வீட்டுக்காரர். ஒருத்தர் இப்படி நிற்பதால் பள்ளி மாறிவிடுமா?
- வாசகி, தாராவி, மும்பை

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. கேட்டில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், நான்கூட நிற்பேன். லேட்டாக வரும் பிள்ளையிடம் மேடம் என்ன சொல்கிறார் என்று கவனியுங்கள். ஜூலை மழையில் சயான் பக்கம் தண்டவாளம் மூழ்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து அரை மணி நேரம் கழித்து வந்து நிற்கிற பையனை வெளியே நிறுத்துகிறாரா, இல்லை "போய் முதலில் தலையைத் துவட்டு" என்கிறாரா? பக்கத்தில் நிற்கும் வாட்ச்மேன் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பார், நாளைக்கு உங்களிடம் அவர் பேசப்போவதும் அதே குரலில்தான்.

நான் ஒரு பள்ளியில் பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் ஒரு டீச்சரை பிரின்சிபால் கிழி கிழி என்று கிழித்தார். அடுத்த பீரியடிலேயே அந்த டீச்சர் நான்காம் வகுப்புக் குழந்தையின் நோட்டைத் தூக்கி எறிந்தார்.

சிகாகோ நகரத் தொடக்கப் பள்ளிகளை 1990-களில் பல வருடம் ஆராய்ந்த ஆந்தனி பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் கிட்டத்தட்ட இதைத்தான் கண்டார்கள்: பிரின்சிபால், ஆசிரியர், பெற்றோர் இவர்களுக்குள் நம்பிக்கை இருந்த பள்ளிகளில்தான் பிள்ளைகளின் வாசிப்பும் கணக்கும் முன்னேறும் வாய்ப்பு அதிகம். அந்த நம்பிக்கை வளர்வது பெரிய விழாக்களில் இல்லை, அன்றாடம் ஒருவரோடு ஒருவர் பழகுவதில்.

ஆனால் முழு பாரத்தையும் மேடம் தலையில் ஏற்றாதீர்கள். இரண்டு ஷிஃப்ட், ஆயிரம் ஃபாரம், நடுவில் டிரான்ஸ்ஃபர் வேறு. மாநகராட்சிப் பள்ளியோ எய்டட் பள்ளியோ என்றால், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். உங்கள் பேரைக் கொடுங்கள்.

அப்புறம், தீபாவளி லீவு முடிந்ததும், மேடம் வராத ஒரு நாளில் கேட்டுக்குப் போய் வாட்ச்மேன் எப்படிப் பேசுகிறார் என்று பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.