ஐந்து சிநேகிதிகளும் ஓர் அகரவரிசைப் பாட்டுப் புதிரும்

கேள்வி: பாடசாலையில் ஒன்றாகப் படித்த ஐந்து பேர், சனிக்கிழமை இரவு 8 மணிக்கு ஸூமில் கூடிப் பாட்டுப் புதிர் விளையாடுகிறோம். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். மற்றவர்கள் தெஹிவளை, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன். அகரவரிசையில் எழுத்துக்கு ஒரு துப்பு நான் கொடுப்பேன். அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை முதலில் சொல்பவருக்குப் புள்ளி. ரொறன்ரோக்காரி போனில் தேடிச் சொல்கிறாள் என்று தெஹிவளைக்காரி எல்லோர் முன்னாலும் சண்டை பிடித்துவிட்டாள். மெல்பேர்ன்காரி கமராவை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தாள், போன கிழமை வரவே இல்லை. விளையாட்டை விட்டுவிடலாமா?
வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். கல்யாணம், பிள்ளைகள், வேலை என்று ஆன பிறகும் நான்கு நாடுகளில் இருந்து ஐந்து பேர் பாட்டுக்காகக் கூடுகிறீர்கள். அதை இழந்தால் திரும்பக் கட்டியெழுப்புவது கஷ்டம். சண்டைக்குக் காரணம் உங்களில் ஒருத்தி என்று எனக்குத் தோன்றவில்லை. விளையாட்டை அமைத்திருக்கும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது.

முதலில் மெல்பேர்ன். கொழும்பில் சனி இரவு 8 மணி என்றால் அங்கே ஞாயிறு பிறந்து 12.30. அவர்களின் கோடைகால நேரம் தொடங்கிவிட்டால் 1.30. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சத்தம் போடாமல் இருந்து விளையாட வேண்டியவள் அவள். கமராவை நிறுத்தியது கோபத்தால் இருக்காது, களைப்பால் இருக்கும். புதிரைப் பற்றி ஒன்றும் கதைக்காமல் அவளுக்கு ஒரு கோல் எடுத்து, எந்த நேரம் வசதி என்று கேளுங்கள். இதை இன்றைக்கே செய்யுங்கள்.

நேரத்தை மாற்றினால் சரியாகிவிடுமா என்றால், முழுதாக ஆகாது. மாலை 4.30க்கு வைத்தால் மெல்பேர்னுக்கு இரவு 9 அல்லது 10, லண்டனுக்கு மதியத்தை ஒட்டி, ஆனால் ரொறன்ரோக்காரி காலை 6 அல்லது 7 மணிக்கு எழும்ப வேண்டும். ஆகவே நேரடி ஆட்டத்தை மாதம் ஒரு தரம் வைத்துக்கொண்டு, நேரக் கஷ்டத்தை முறை வைத்துப் பங்கிடுங்கள். மற்றக் கிழமைகளில் துப்புகளை வெள்ளிக்கிழமை வட்ஸ்அப்பில் போடுங்கள். ஞாயிறு இரவு வரை ஒவ்வொருவரும் பதிலை உங்களுக்குத் தனியாக அனுப்பட்டும்.

‘முதலில் சொன்னவருக்குப் புள்ளி’ என்பதையும் இதோடு எடுத்துவிடுங்கள். இணையத்தில் குரல் எல்லோருக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர்வதில்லை. கேள்வி ஒருத்திக்கு முந்திக் கேட்கும், இன்னொருத்திக்குப் பிந்திக் கேட்கும். பாட்டு நன்றாகத் தெரிந்தவள் இணைப்பு மந்தம் என்பதற்காகத் தோற்கக் கூடாது.

‘அப்படியானால் எல்லோரும் தேடிப் பார்ப்பார்களே’ என்று கேட்பீர்கள். இங்கேதான் துப்பு எழுதும் கலை வருகிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். ‘சு, ஏ. ஈ. மனோகரனின் புகழ்பெற்ற பாட்டு’ என்று கேட்டால் போன் ஒரு நொடியில் ‘சுராங்கனி’ என்று சொல்லிவிடும். அதையே ‘மீன் வந்தது அவளுக்கு, கொண்டு வந்தவன் பெயர் யாருக்கும் தெரியாது’ என்று கேட்டுப் பாருங்கள். பாட்டை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தவளுக்கு உடனே பிடிபடும். ‘சி, மகளைக் காணவில்லை என்று தாயிடமே போய் விசாரிக்கிறான்’ என்றால் இலங்கைப் பொப் பாடகர் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ வந்துவிடும். பாடியவர், படம், ஆண்டு எல்லாம் தேடினால் கிடைக்கும் விவரங்கள். பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேளுங்கள்.

அதைவிட நல்ல துப்பு உங்கள் ஐவரிடம் மட்டும் இருக்கிறது. பாடசாலை வான் வண்டியில் எந்தக் கசட் தேயத் தேய ஓடியது? கலைவிழாவில் எந்தப் பாட்டுக்கு ஆடும்போது கரண்ட் போனது? யார் வீட்டு மொட்டைமாடியில் எதைப் பாடிப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் பேச்சு வாங்கினீர்கள்? இவற்றை எந்தத் தேடுபொறியும் அறியாது.

இன்னொன்று. பதிலை எழுதி அனுப்பாமல், இரண்டு வரி பாடி வொய்ஸ் நோட்டாக அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தைக் கொடுத்துப் பாடச் சொல்வதில் இலங்கை வானொலிக்கு ஒரு பெரிய மரபே இருக்கிறது. பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியை உங்கள் அம்மாமார் வேலையை விட்டுவிட்டுக் கேட்டிருப்பார்கள். அதில் பாட்டின் பெயரைச் சொன்னால் போதாது, பாட வேண்டும். சுருதி பிசகினால் பரவாயில்லை. லண்டன்காரியின் குரல் காதில் விழுவதே அந்தக் கிழமைக்குக் கிடைத்த பரிசு.

அப்புறம் எழுத்துகள். சொல்லுக்கு முதலில் வரும் எழுத்துகள் என்று நன்னூல் 22ஐத் தருகிறது: உயிர் 12, மெய்வரிசை 10. அதில் ங-வை விட்டுவிடலாம், 21 துப்புகள் ஒரு கிழமைக்கு ஏராளம். ர, ல அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் ‘ராசாவே உன்ன நம்பி’ என்ற பாட்டை ‘இ’யில் தேடச் சொன்னால் இன்னொரு சண்டை வரும். காதில் விழும் முதல் எழுத்துத்தான் கணக்கு என்று முன்கூட்டியே எழுதிப் போட்டுவிடுங்கள்.

க, ம, எ போன்றவற்றில் பாட்டுகள் கொட்டிக் கிடக்கின்றன, அங்கே துப்பு தாராளமாக இருக்கட்டும். ஞ-வில் எழுத்தே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். ‘ஞாயிறு என்பது கண்ணாக’ என்று எல்லோரும் ஒரே மூச்சில் சொல்வார்கள். இப்படிப்பட்ட எழுத்துகளுக்குப் படமோ, பாடகரோ, இராகமோ விடையாக வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஔ-வுக்கு 1953இல் கே. பி. சுந்தராம்பாள் நடித்த ‘ஔவையார்’ இருக்கிறது. உங்களில் யாராவது வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சை எழுதியிருந்தால், ம-விலும் ஒரு மாற்றத்துக்கு மாயாமாளவகௌளை இராகத்தைக் கேளுங்கள். 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் இராகங்களில், அதன் இலக்கம் பெயரிலேயே இருக்கிறது: எழுத்துகளுக்கு இலக்கம் கொடுக்கும் கடபயாதி முறையில் மா 5, யா 1, திருப்பிப் போட்டால் 15.

இனித் தெஹிவளைக்காரி. அவளுக்குப் பாட்டுகள் மனப்பாடம், அதனால்தான் அவ்வளவு கோபம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ‘அளாப்புகிறாய்’, அதாவது ஏமாற்றி விளையாடுகிறாய், என்று நான்கு பேர் முன்னால் சொன்னது பெரிய வார்த்தை. நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் இருப்பவர், பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரப் பயணம். நேரில் போய்ச் சொல்லுங்கள், வட்ஸ்அப்பில் வேண்டாம். ரொறன்ரோவுக்கு அவளே ஒரு கோல் எடுக்கட்டும், நீங்கள் நடுவில் நின்று மன்னிப்பைக் காவிக்கொண்டு போக வேண்டியதில்லை.

ரொறன்ரோக்காரி உண்மையிலேயே தேடினாளா என்று விசாரணை வைக்காதீர்கள். தேடியிருந்தாலும், தெரியாமல் முழிப்பது வெட்கமாக இருந்திருக்கும். இவ்வளவு நாளும் துப்பு எழுதியது நீங்கள் ஒருவர்தான். அடுத்த மாதம் அந்தப் பொறுப்பை அவளிடம் கொடுங்கள். புதிர் கட்டுபவர் தேடித்தான் ஆக வேண்டும், ஒவ்வொரு விடையையும் இரண்டு தரம் சரிபார்க்கவும் வேண்டும். நீங்களும் ஒரு தடவை மற்றவர்களோடு சேர்ந்து இருந்து விடை தேடிப் பாருங்கள்.