வீட்டுக்கு இரண்டு பேர்: குவாலிகம் பீச் பற்றிச் சில கேள்விகள்

கனடாவின் வான்கூவர் தீவில், கிழக்குக் கரையோரம் ஜார்ஜியா நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் சிறிய ஊர் குவாலிகம் பீச். சம் சால்மன் மீன்கள் ஏறி வரும் இடம் என்ற பொருளுள்ள பென்ட்லாச் மொழிச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். இந்த ஊரின் மக்கள்தொகை பற்றியும் வீடுகள் பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். திரும்பத் திரும்ப வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

முதியோர் இவ்வளவு பேர் இருக்கும் ஊர் எப்படி வளர்கிறது? 2016-இல் 8,943 பேர், 2021-இல் 9,303 பேர் என்று பார்த்தேன்.

இந்த ஊரை வளர்ப்பது பிறப்பு இல்லை. முதியோர் இவ்வளவு பேர் வாழும் ஊரில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளைவிட இறப்பவர்களே அதிகமாக இருப்பார்கள். அந்த இழப்பை ஈடுகட்டி, அதற்கு மேலும் 4% வளர்ந்திருக்கிறது என்றால், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள்தான் காரணம். வான்கூவர் பெருநகரத்திலும் ஆல்பர்ட்டாவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அங்கிருக்கும் வீட்டை விற்றுவிட்டு இங்கே வருகிறார்கள். கனடாவின் மற்ற பகுதிகளோடு பார்த்தால் இங்கே குளிர் குறைவு, பனி வாருவதும் அபூர்வம். முழங்கால் வலி உள்ளவருக்கு அது பெரிய விஷயம்.

ஆகவே 360 பேர் கூடினார்கள் என்பதை வெறும் கூட்டலாகப் பார்க்க வேண்டாம். அந்த ஐந்து ஆண்டுகளில் பலர் இறந்தார்கள், சிலர் மகன், மகள் இருக்கும் ஊருக்குப் போனார்கள், அவர்களைவிட அதிகமானோர் வந்தார்கள். ஊரின் எண்ணிக்கை மெதுவாகத்தான் மாறுகிறது, ஆனால் ஊரில் இருக்கும் முகங்கள் வேகமாக மாறுகின்றன.

‘இடைநிலை வயது 65.9’ என்றால் என்ன? சராசரி வயதும் அதுவும் ஒன்றா?

ஒன்றில்லை. ஊரில் உள்ள எல்லோரையும் வயது வரிசைப்படி நிற்க வைத்தால், சரியாக நடுவில் நிற்பவரின் வயதுதான் இடைநிலை வயது. 2016 கணக்கெடுப்பில் குவாலிகம் பீச்சில் அது 65.9, கனடா முழுவதற்கும் 41.2. அதே ஆண்டில் இந்த ஊரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 52.1%, நாடு முழுவதும் 16.9%. சராசரி வயது என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கணக்கில் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்துவிடுவார்கள். ஊரின் உண்மையான நிறத்தைப் பார்க்க இடைநிலை வயதுதான் நல்லது.

மொத்த வீடுகளின் எண்ணிக்கை ஒன்று, ஆள் இருக்கும் வீடுகளின் எண்ணிக்கை வேறொன்று என்று இருக்கிறது. அப்படியானால் மிச்ச வீடுகள் சும்மா கிடக்கின்றனவா? மலிவாக வாடகைக்குக் கிடைக்குமா?

அதிகம் பேர் கேட்ட கேள்வி இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் சொற்கள். நம் ஊரில் ஒரே காம்பவுண்டில் நாலு குடித்தனம் இருந்தது என்று சொல்வோம். கனடாவின் கணக்கெடுப்பும் அப்படித்தான் எண்ணுகிறது. தனி வாசல் உள்ள ஒரு வீட்டில் வழக்கமாக வசிப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குடித்தனம். அவர்கள் உறவாக இருக்க வேண்டியதில்லை. தனியாக வாழும் ஒரு மூதாட்டியும் ஒரு குடித்தனம், வாடகையைப் பகிர்ந்துகொள்ளும் நான்கு சமையல்காரர்களும் ஒரு குடித்தனம். குடும்பம் என்பது வேறு கணக்கு. கணவன் மனைவி, சேர்ந்து வாழும் இணையர், பெற்றோரும் பிள்ளையும் மட்டும்தான் அதில் வருவார்கள். ஆகவே தனியாக வாழும் அந்த மூதாட்டி குடித்தனக் கணக்கில் இருப்பார், குடும்பக் கணக்கில் இருக்க மாட்டார். இப்படித் தனியாக வாழ்பவர்களும் இருவராக வாழ்பவர்களுமே இந்த ஊரில் பெரும்பான்மை. ஒரு குடித்தனத்துக்குச் சுமார் 2 பேர்தான். 2021-இல் நாட்டின் சராசரி 2.4.

அப்புறம், ‘ஆள் இருக்கும் வீடு’ என்றால் என்ன? கணக்கெடுப்பு நாளில் வழக்கமாக அங்கே வசிப்பவர் இருக்கும் வீடு என்று பொருள். 2021-இல் அந்த நாள் மே 11. கால்கரியில் வசித்துக்கொண்டு கோடையில் மட்டும் இங்கே வருபவரின் வீட்டில் அன்று விளக்கு எரிந்திருந்தாலும், அது வழக்கமாக ஆள் வசிக்கும் வீடாக எண்ணப்படாது. அதேபோல் விற்றுக் கைமாறும் நடுவில் பூட்டிக் கிடக்கும் வீடு, மராமத்து நடக்கும் வீடு, உரிமையாளர் முதியோர் இல்லத்துக்குப் போனபின் பிள்ளைகள் இன்னும் முடிவெடுக்காத வீடு எல்லாம் அந்த இடைவெளியில்தான் வரும். இதில் எதுவும் நாளைக்கே வாடகைக்கு வரப்போவதில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் ஊரின் மொத்த எண்ணிக்கையில் சேர்வார்கள், ஆனால் தனி வீட்டுக் குடித்தனக் கணக்கில் வர மாட்டார்கள். ஆகவே 9,303-ஐ வீடுகளின் எண்ணிக்கையால் நீங்களே வகுத்தால், உண்மையில் இருப்பதைவிட வீடுகள் கொஞ்சம் நிறைந்திருப்பதுபோலத் தோன்றும்.

ஆள் இல்லாத வீடுகளை அரசு கவனிக்காமல் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் காலி வீட்டு வரி 2024-ஆம் ஆண்டிலிருந்து குவாலிகம் பீச்சுக்கும் பக்கத்து ஊரான பார்க்ஸ்வில்லுக்கும் பொருந்துகிறது. வீட்டில் உரிமையாளரே நிலையாக வசித்தாலோ, ஆண்டில் ஆறு மாதமாவது வாடகைக்கு ஆள் இருந்தாலோ விலக்கு உண்டு. ஆனால் விலக்கு தானாகக் கிடைக்காது, ஒவ்வோர் ஆண்டும் உரிமையாளர் அறிவிப்புப் படிவத்தை அனுப்ப வேண்டும். வீடு வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடாதீர்கள்.

குடித்தனங்களின் வருமானம் அப்படியொன்றும் அதிகமில்லை, வீட்டு விலையோ எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஏழைகள் எப்படி அங்கே வாழ்கிறார்கள்?

வருமானம் வேறு, சொத்து வேறு. ஒருவர் மட்டும் இருக்கும் குடித்தனத்தில் ஒரே ஓய்வூதியம்தான் வரும், அதை வேலைக்குப் போகும் இருவர் இருக்கும் குடித்தனத்தோடு ஒப்பிட்டால் குறைவாகத்தான் தெரியும். வான்கூவரில் வீட்டை விற்றதில் வந்த லாபம் கணக்கெடுப்பின் வருமானத்தில் சேராது. ஆகவே காகிதத்தில் வருமானம் குறைவாக உள்ள ஒருவர், கடன் எதுவும் இல்லாத வீட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். சொத்து வரி கட்டக் கையில் பணம் போதாது என்றால், 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள் அந்த வரியைத் தள்ளிப்போட மாகாணத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. பிற்பாடு வீட்டை விற்கும்போது வட்டியோடு கட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு விதவைக்கும் அதே அளவு ஓய்வூதியம் வரலாம். புள்ளிவிவரத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள், வாழ்க்கையில் ஒருவருக்கொருவர் எந்தத் தொடர்பும் இருக்காது. அதனால் வருமான அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு யாரும் முடிவுக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சொந்த வீட்டுக்காரர், வாடகைக்காரர் என்று பிரித்துக் காட்டும் அட்டவணையைத் தேடி எடுங்கள். வருமானத்தில் 30% அல்லது அதற்கு மேல் வீட்டுச் செலவுக்கே போகிறவர்கள் எத்தனை பேர் என்பது அதில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2021 கணக்கெடுப்பில் இருப்பது 2020-ஆம் ஆண்டின் வருமானம். பெருந்தொற்று உதவித்தொகை வந்த ஆண்டு அது. வீட்டு நெருக்கடியில், அதாவது கட்டுப்படியாகும் தகுந்த வீடு கிடைக்காத நிலையில், இருந்த குடித்தனங்கள் நாடு முழுவதும் 12.7%-இலிருந்து 10.1%-ஆகக் குறைந்ததாக அந்தக் கணக்கு காட்டியதற்கு உதவித்தொகை ஒரு முக்கியக் காரணம். வீடு மலிந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.

டொரன்டோவின் ஸ்கார்பரோவில் பேஸ்மெண்ட் வாடகைக்கு எடுப்பதுபோல் அங்கேயும் உண்டா?

உண்டு, ஆனால் ஸ்கார்பரோ அளவுக்கு இல்லை. தனி வீடுகள்தான் அங்கே பெரும்பான்மை. கணக்கெடுப்பில் இதைத் தேடும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பேஸ்மெண்டில் தனிக் குடித்தனம் இருந்தால் மேல்வீடும் ‘தனி வீடு’ என்ற வகையிலிருந்து வெளியே போய்விடும். மேலும் கீழும் இரண்டுமே இரட்டை வீட்டின் அடுக்கு என்ற வகையில் எண்ணப்படும். ஆகவே தனி வீடுகளின் எண்ணிக்கை குறைந்தால் வீடுகளை இடித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், பல நேரம் கீழே ஒரு வாடகைக்காரர் வந்திருப்பார்.

இது இனி கூடக்கூடும். 2023-இல் மாகாண அரசு கொண்டுவந்த சட்டப்படி, 5,000 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் ஒரே வீட்டுக்கென ஒதுக்கியிருந்த பெரும்பாலான மனைகளில் மூன்று அல்லது நான்கு வீடுகள் கட்ட ஊராட்சி அனுமதிக்க வேண்டும். விதிகளை மாற்ற 2024 ஜூன் 30 வரை அவகாசம் கொடுத்தார்கள். பழைய தோற்றம் கெட்டுவிடும் என்று கவலைப்படுபவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கவலை எனக்கும் புரிகிறது. ஆனாலும் நான் இந்தச் சட்டத்தின் பக்கம்தான். மூன்று படுக்கையறையும் பெரிய தோட்டமும் உள்ள வீட்டில் ஒருவர் தனியாகச் சிரமப்படுகிறார். அதே தெருவில் சிறிய வீடு ஒன்று இருந்தால் ஊரை விட்டுப் போகாமலே இடம் மாறிக்கொள்வார், பெரிய வீடு பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கும்.

இந்தியாவில் இருக்கும் என் பெற்றோர் பெயரில் அங்கே வீடு வாங்கலாமா?

இப்போதைக்கு முடியாது. குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ இல்லாதவர்கள் நகரப் பகுதிகளில் வீடு வாங்க 2023 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அதை 2027 ஜனவரி 1 வரை நீட்டித்திருக்கிறார்கள். குவாலிகம் பீச் பார்க்ஸ்வில்லோடு சேர்த்து நகரப் பகுதியாகக் கணக்கிடப்படுவதால் தடை இங்கேயும் பொருந்தும். சில விதிவிலக்குகள் உண்டு, அதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அங்கே தமிழர்கள் எத்தனை பேர்?

இந்த அளவு சிறிய ஊருக்கு அந்த எண்ணை நம்ப முடியாது. தனி மனிதரை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதற்காக, வெளியிடும் எண்களை 5-இன் மடங்காக மேலேயோ கீழேயோ மாற்றிவிடுவார்கள். இரண்டு பேர் இருந்தால் 0 என்றும் வரலாம், 5 என்றும் வரலாம். மேலும், பிறந்த நாடு, இனம், வீட்டு நிலை முதலிய விவரங்களைக் கேட்கும் நீண்ட படிவம் நான்கில் ஒரு வீட்டுக்குத்தான் போகிறது. அட்டவணையில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்து நம்மவர் யாரும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

அதே தீவில் உள்ள டொஃபினோ 2016-இல் 1,932 பேர், 2021-இல் 2,516 பேர். அதுவும் கடற்கரை ஊர்தானே, ஏன் இவ்வளவு வித்தியாசம்?

30% வளர்ச்சி. டொஃபினோ தீவின் மேற்குக் கரையில், நெடுஞ்சாலை 4 முடியும் இடத்தில் இருக்கிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் பெயர் பெற்றது. அங்கே போவது ஓய்வு பெற்றவர்களைவிட வேலை தேடும் இளையோர்தான். விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை, தங்குவது நாலைந்து பேர் சேர்ந்து. கோடை வேலைக்கு வருபவர்களில் பலர் மே மாதக் கணக்கெடுப்புக்குப் பிறகு வருவார்கள், அல்லது வேறு ஊர்க்காரராக எண்ணப்படுவார்கள். ஆகவே ஜூலையில் தண்ணீரும் வீடும் எத்தனை பேருக்கு வேண்டும் என்பதை 2,516 என்ற எண் சொல்லாது.

குவாலிகம் பீச்சில் ஆளுக்கு மிஞ்சிய அறைகள், டொஃபினோவில் அறைக்கு மிஞ்சிய ஆட்கள். கடற்கரை ஊர் என்று இரண்டையும் ஒரே வகையில் வைத்துத் திட்டம் போட்டால் இரண்டு ஊருக்கும் உதவாது.

நனைமோவில் கேர் எய்ட் (முதியோர், நோயாளிகளைப் பராமரிக்கும் வேலைக்கான) படிப்பு முடிக்கப் போகிறேன். குவாலிகம் பீச்சில் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கணவரோடும் இரண்டு வயது மகனோடும் அங்கேயே குடியேறலாமா?

வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அம்மா. பாதிக்கு மேல் 65 தாண்டியவர்கள் உள்ள ஊரில் உங்களைப் போன்றவர்கள் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. வீடுதான் சிக்கல். பெரும்பாலானவை சொந்த வீடுகள், வாடகைக்கு வருபவை குறைவு, அதிலும் குழந்தையோடு இருக்க இரண்டு படுக்கையறை உள்ளது இன்னும் குறைவு. பராமரிப்புப் பணியாளர்களும் கடை ஊழியர்களும் பார்க்ஸ்வில்லிலிருந்தோ நனைமோவிலிருந்தோ வந்து போக வேண்டியிருப்பது அதனால்தான். நனைமோ சுமார் 50 கி.மீ. தூரம். தீவில் ஓடிய பயணிகள் ரயில் 2011-இல் நின்றுவிட்டது, அதிகாலை ஷிஃப்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. கார் இல்லாமல் கஷ்டம்.

என் யோசனை இது. முதல் ஆண்டு பார்க்ஸ்வில்லில் வாடகைக்குப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கி.மீ.தான், வாடகை வீடுகளும் கூடுதலாக இருக்கும். வேலைக்குச் சேரும்போது வீடு தேட உதவுவார்களா என்று நிர்வாகத்திடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ஆள் கிடைக்காத ஊரில் அப்படிக் கேட்பது தவறில்லை. குழந்தைக் காப்பகத்தில் இடம் கேட்டு இன்றைக்கே பெயர் கொடுத்து வையுங்கள், வீடு கிடைத்த பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். அப்புறம், நீங்கள் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாக்களிடம் வீடு தேடுவதைப் பற்றிப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வையுங்கள். விளம்பரத்துக்கு வராத வீடுகள் இந்த ஊரில் வாய்ச்சொல்லாகத்தான் கைமாறும். கீழ்த்தளம் சும்மா இருக்கிறது, நம்பிக்கையான ஆள் யாரும் இல்லையே என்று யோசித்துக்கொண்டிருப்பவர் அவர்களில் ஒருவராகவே இருக்கலாம்.