அப்பா எந்தக் கப்பலில் இருந்தார்? கடற்படைப் பணியைத் தேடுவோருக்கான கேள்வி பதில்

என் அப்பா பழைய விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் ஸ்டோக்கர், கொதிகலன் அறையில் வேலை. அவர் போன பிறகுதான் அவருடைய நேவி காலத்தைத் தேடத் தொடங்கினேன், மூன்று வருடம் பிடித்தது. அதே தேடலில் இருப்பவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: அண்ணா, அப்பா நேவியில் இருந்தார் என்பது மட்டும்தான் தெரியும். பேப்பர் எதுவும் இல்லை, பீரோவில் இரண்டு மெடல் கிடக்கிறது. எங்கே தொடங்குவது?

அந்த மெடலில்தான் தம்பி. முகப்பை விடுங்கள், விளிம்பைப் பாருங்கள். நம் படைகளின் மெடல்களில் பொதுவாக விளிம்பில் எண், பதவி, பெயர் பொறித்திருப்பார்கள். பாலிஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், டார்ச்சைச் சாய்த்து அடித்தாலே எழுத்து தெரியும். அந்த எண்தான் முக்கியம், ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். எண்ணோடு ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், அது எந்த மெடல் என்பதும் ஒரு சேதி சொல்லும். 1971 போருக்குக் கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்குப் பக்கம் இருந்தவர்களுக்குப் பஷ்சிமி ஸ்டார். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வருகிறதென்றால் பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவிலும் எண் இருக்கும். அதுவும் இல்லையென்றால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், அப்பா அங்கே பதிந்திருக்கலாம்.

கேள்வி: போட்டோவில் அப்பாவின் தொப்பி ரிப்பனில் ஐ.என்.எஸ். சிவாஜி என்று இருக்கிறது. அந்தக் கப்பல் எந்தப் போருக்கும் போனதாகத் தெரியவில்லையே?

அது கப்பலே இல்லை அக்கா! சிவாஜி என்பது மகாராஷ்டிராவில் லோனாவாலா மலைப் பக்கம் இருக்கிற இன்ஜினியரிங் பயிற்சி நிலையம். கடற்படை தன் கரை நிலையங்களுக்கும் ஐ.என்.எஸ். என்றுதான் பெயர் வைக்கும். ஜாம்நகர் வல்சுரா மின்சாரப் பிரிவுக்கான பள்ளி. நம் திருநெல்வேலி பக்கத்துக் கட்டபொம்மனும் அரக்கோணம் ராஜாளியும் கரையில் இருப்பவைதான். ஆக, உங்கள் போட்டோ பயிற்சிக் காலத்தது, அப்பா பெரும்பாலும் இன்ஜின் பிரிவு. நல்ல தடயம், பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: பதிவுகளுக்கு யாருக்கு எழுத வேண்டும்?

அதிகாரியாக இல்லாமல் மாலுமியாக இருந்தவர் என்றால் மும்பை மான்குர்டு, சீட்டா கேம்ப்பில் இருக்கிற மாலுமிகள் பணியகம். அதிகாரிகளுக்கு டெல்லி, கடற்படைத் தலைமையகம். எண், முழுப் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வருடம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வைத்து, "எந்தெந்தக் கப்பலில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை" என்று குறிப்பாகக் கேளுங்கள். "அப்பாவைப் பற்றி எல்லாம் வேண்டும்" என்று எழுதினால் நடக்காது. ஆர்.டி.ஐ. என்கிற தகவல் அறியும் உரிமைச் சட்டம் மூலமும் கேட்கலாம், கட்டணம் 10 ரூபாய்தான், ஆனால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமுண்டு, அதனால் வாரிசு என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்பா 1971-ல் விக்ராந்தில் போருக்குப் போனதாகச் சொல்வார். எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. கப்பலை வைத்துத் தேடாதீர்கள், தேதியை வைத்துத் தேடுங்கள். ஒரு மாலுமி பல கப்பல் மாறுவார், கப்பல் போருக்குப் போன மாதத்தில் அவர் கரையில் ஏதாவது கோர்ஸில் இருந்திருக்கலாம். விக்ராந்த் அந்த நவம்பரில் அந்தமான் பக்கம் மறைந்திருந்தது, அதைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பல் டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. 4-ஆம் தேதி முதல் விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அந்த நாட்களில் உங்கள் அப்பா கப்பலில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. இன்னொன்று, இணையத்தில் விக்ராந்த் என்று போட்டால் 2022-ல் வந்த புதுக் கப்பல்தான் முதலில் நிற்கும். பழையது 1961 முதல் 1997 வரை பணியில் இருந்தது, 2014-ல் அதை உடைக்கத் தொடங்கினார்கள்.

"நாலுல ஒரு பாய்லர் சரியில்ல, அப்படியேதான் போனோம்" என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் நான் நம்பவில்லை. பிறகு கடற்படையின் சொந்த வரலாற்றிலேயே படித்தேன், கொதிகலன் விரிசலால் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் அந்தக் கப்பல் போருக்குப் போனது. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. அவர் இருந்தபோதே இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கலாம்.

கேள்வி: என் பெரியப்பா குக்ரியில் போய்விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள்.

குக்ரி நம் போர்க்கப்பல், 1971 டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கி மூழ்கியது. அதோடு போனவர்கள் 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் சுதந்திரத்துக்குப் பின் உயிர்நீத்த வீரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள், அங்கே தேடுங்கள். டையூவிலும் கடலைப் பார்த்தபடி குக்ரி நினைவிடம் இருக்கிறது. முடிந்தால் குடும்பமாக ஒருமுறை போய்வாருங்கள்.

கேள்வி: கப்பலின் லாக் புத்தகம், அதாவது அன்றாடப் பதிவேடு, பார்க்கக் கிடைக்குமா?

நேரடியாகக் கிடைப்பது கஷ்டம். 25 வருடம் தாண்டிய போர் ஆவணங்களைப் பரிசீலித்துத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2021-ல் கொள்கை வகுத்தது. அதனால் காப்பகத்தில் அவ்வப்போது கேட்டுப் பார்ப்பது வீணில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, நன்றாக இருக்கிறார். ஆனால் நேவி பற்றி வாயே திறப்பதில்லை.

போரைப் பற்றிக் கேட்காதீர்கள் மா. மெஸ்ஸில் என்ன சாப்பாடு, எங்கே படுத்தார், பக்கத்துப் படுக்கையில் யார் என்று கேளுங்கள். பழைய போட்டோவைக் கையில் கொடுத்து ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பெயர் கேளுங்கள், போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளலாமா என்று அவரிடமே கேட்டுக்கொண்டு. அந்தப் பெயர்களில் ஒருவராவது இன்றும் இருந்தால் அவரோடு அப்பாவைப் பேசவிடுங்கள். என் அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவரைத் தூத்துக்குடியில் கண்டுபிடித்தபோது, அப்பாவுக்குக் கப்பலில் இன்னொரு பட்டப்பெயர் இருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.