ஜே டிமெரிட் பற்றி நீங்கள் கேட்டவை

கேள்வி: சார், அமெரிக்கக் கால்பந்து வீரர் டிமெரிட் வெறும் 1,800 டாலரோடு லண்டனில் போய் இறங்கி, கடைசியில் இங்கிலாந்தின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் ஆடினார் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். விஸ்கான்சின் மாநிலத்தில் கிரீன் பே அவர் ஊர். சிகாகோவில் கல்லூரி முடித்தபோது அமெரிக்காவின் முதன்மை லீக்கான எம்.எல்.எஸ்.ஸில் கிளப் ஒன்றுகூட அவரைச் சீண்டவில்லை. லண்டன் போய், ஒன்பதாவது டிவிஷனில் இருந்த சவுத்தால் டவுனில் சேர்ந்தார். வாரத்துக்கு 40 பவுண்டு. எல்லோரும் அந்த டாலர் கணக்கையே பேசுகிறார்கள். எனக்கென்னவோ அவருடைய பாஸ்போர்ட்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. தாத்தா டென்மார்க்காரர் என்பதால் ஐரோப்பிய ஒன்றியப் பாஸ்போர்ட் கிடைத்தது. இல்லையென்றால், அப்போது அங்கே தொழில்முறையில் ஆட அனுமதி வாங்கவே தேசிய அணியில் நிலையான இடம் வேண்டியிருந்தது. உள்ளூரிலேயே விலைபோகாத பையனுக்கு அது நடக்கிற காரியமா?

கேள்வி: இங்கிலாந்து கிளப்பான வாட்ஃபோர்டின் கண்ணில் எப்படிப் பட்டார்?

பதில்: 2004-இல் நார்த்வுட் என்ற சின்ன கிளப்புக்காக, சீசனுக்கு முந்தைய நட்பு ஆட்டம் ஒன்றில் வாட்ஃபோர்டுக்கு எதிராகவே ஆடினார். மேனேஜர் ரே லூயிங்டனுக்குப் பிடித்துப்போனது. முதலில் ட்ரையல், அப்புறம் ஒரு வருட ஒப்பந்தம்.

கேள்வி: அண்ணா, அவர் போட்டதில் பெரிய கோல் எது?

பதில்: இதில் யோசிக்கவே வேண்டாம். 2006 மே 21, கார்டிஃப் நகரில் பிளே-ஆஃப் இறுதி. எதிரே லீட்ஸ். ஜெயிக்கிறவர்களுக்கு பிரீமியர் லீக்கில் இடம். 25-ஆவது நிமிடம் ஆஷ்லி யங் கார்னர் அடிக்கிறார். டிமெரிட் ஓடிவந்து எம்பி ஒரே முட்டு, கோல்! ஆட்டம் 3-0. அடுத்த சீசனிலேயே வாட்ஃபோர்ட் கடைசி இடத்தில் முடித்துக் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது, அது வேறு கதை.

கேள்வி: ஸ்பெயினைத் தோற்கடித்த அமெரிக்க அணியில் இருந்தாரா?

பதில்: இருந்தார். 2009 கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதி. 35 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத ஸ்பெயின் 2-0 என்று விழுந்தது. தடுப்பு வரிசையின் நடுவில் அவரும் சக வீரர் ஒன்யேவுவும் நின்றுகொண்டு ஸ்பெயினின் முன்கள வீரர்கள் டோரஸையும் வியாவையும் கோல் போட விடவில்லை. அதே வருடம் காண்டாக்ட் லென்ஸால் கண்ணில் தொற்று வந்து, கருவிழி மாற்று அறுவை சிகிச்சை. உயரப் பந்தைக் கணித்து முட்டுவதே பிழைப்பாக இருப்பவருக்கு இது எவ்வளவு பெரிய அடி! ஆனாலும் 2010 உலகக் கோப்பையில் அமெரிக்கா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் முதல் பதினொருவரில் அவர் இருந்தார். இங்கிலாந்துடன் 1-1 டிரா ஆன ஆட்டத்தில் அவர்களுடைய முன்கள வீரர் ரூனியால் கோல் போட முடியவில்லை.

கேள்வி: கொஞ்சம் ஓவராகப் புகழ்கிறோமோ?

பதில்: காலில் பந்து இருந்தால் அவர் சுமார்தான். அதே உலகக் கோப்பையில் அல்ஜீரியாவுடன் ஆடிய ஆட்டத்தின் தொடக்கத்தில் எகிறி வந்த பந்தைத் தவறாகக் கணித்துவிட்டார். அல்ஜீரிய வீரர் ஜெப்பூர் அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டதால் பிழைத்தார்கள். ஆனால் ஆளை மார்க் செய்வது, தலையால் முட்டி வெளியேற்றுவது என்றால் நம்பி நிறுத்தலாம்.

கேள்வி: கடைசிக் காலம்?

பதில்: 2011-இல் எம்.எல்.எஸ்.ஸுக்குள் வந்த வான்கூவர் ஒயிட்கேப்ஸ் அவரைத்தான் கேப்டனாக்கியது. 2013 சீசனின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநார் கிழிந்தது. 2014-இல் ஓய்வு. மனைவி ஆஷ்லி மெக்கைவர், 2010 குளிர்கால ஒலிம்பிக்கில் ஸ்கை கிராஸ் தங்கம் வென்றவர். அந்த வீட்டில் பெரிய பதக்கம் மனைவியுடையதுதான்.