12 குடும்பம், 22 ஏக்கர்: கூட்டுப் பண்ணையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே கல்லல் பக்கம் எங்கள் ஊர். 12 குடும்பங்கள் சேர்ந்து, ஒட்டினாற்போல் கிடக்கும் 22 ஏக்கரைப் பொதுப் பண்ணையாக நடத்த முடிவு செய்திருக்கிறோம். 16 ஏக்கர் செம்மண் சரளை மேட்டுநிலம், 6 ஏக்கர் கண்மாய்ப் பாசன வயல். ஒரு போர்வெல் உண்டு, கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடாது. அரிசி, எண்ணெய், காய்கறி, பால், முட்டை, மீன், பழம் எல்லாம் எங்கள் பண்ணையிலேயே விளைய வேண்டும் என்பது ஆசை. நான் 11 வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். எதை முதலில் செய்வது, பங்கை எப்படிப் பிரிப்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 12 குடும்பம் ஒரு முடிவுக்கு வந்ததே பெரிய காரியம். ஆனால் என்னென்ன விளைய வேண்டும் என்று எழுதிய நீங்கள், யார் இறங்கி வேலை செய்வார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் தண்ணீர்.

சிவகங்கை மாவட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 900 மி.மீ. மழை. அதில் ஏறக்குறைய பாதி புரட்டாசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டிவிட்டுப் போய்விடும். இன்னொரு போர் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பணத்தில் நிலத்தின் பள்ளமான மூலையில் 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டுங்கள். கரைச் சரிவைக் கழித்தால் 15 லட்சம் லிட்டர் நிற்கும். பெரிதாகத் தெரிகிறதல்லவா? வெயிலில் நாளொன்றுக்கு 5 மி.மீ. ஆவியானால் தினம் 4,500 லிட்டர் போய்விடும். அரை ஏக்கர் காய்கறிக்குச் சொட்டுநீரில் தினம் 8,000 லிட்டர் வேண்டும். 120 நாளுக்கு இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 15 லட்சம் ஆகிவிடும். ஆக, நிறைந்த ஒரு குட்டை தை முதல் சித்திரை வரை அரை ஏக்கர் காய்கறியைத்தான் காப்பாற்றும். உங்கள் திட்டம் முழுவதும் இந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். சரளையில் தண்ணீர் உறிஞ்சிவிடும் என்பதால் அடியில் களிமண் இட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் தார்ப்பாய் விரியுங்கள். இன்னொன்று, கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் உங்கள் நிலத்தைத் தொட்டுப் போனால் அதை ஒரு முழம்கூட மறிக்காதீர்கள். ஊரோடு பகைத்துக்கொண்டு பொதுப் பண்ணை நடத்த முடியாது.

அப்புறம் சாப்பாட்டுக் கணக்கு. வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 48 பேர். ஒருவருக்கு வருடம் 100 கிலோ அரிசி என்று வைத்தால் 4,800 கிலோ. நெல்லாக ஏழரை டன் வரை வேண்டும். மழையை நம்பிய கண்மாய் வயலில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 20 கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதனால் உங்கள் 6 ஏக்கரும் சொந்தச் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும். விற்க நெல் இருக்காது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அண்ணா 4 ரகம் 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வந்துவிடும், வறட்சியையும் ஓரளவு தாங்கும். 5 ஏக்கரில் அதைப் புழுதியில் விதையுங்கள். மீதி ஒரு ஏக்கரில், மடைக்கு அருகில் உள்ள வயலாகப் பார்த்துக் கறுப்புக் கவுனி போடுங்கள். அது ஐந்து மாதப் பயிர், கடைசித் தண்ணீர் அதற்குக் கிடைத்தாக வேண்டும். செட்டிநாட்டு விருந்தில் கவுனி அரிசிக்கு இருக்கிற மதிப்பு உங்களுக்கே தெரியும். பண்ணைக்குக் கையில் காசு கொண்டுவரப் போவது அந்த ஒரு ஏக்கர்தான். அதனால் 5 ஏக்கர் அரிசி போதாமல் போகிற இரண்டு மூன்று மாதத்துக்கு அந்தக் காசிலேயே அரிசி வாங்கிக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கு ஆடிப்பட்டத்தில் 2 ஏக்கர் நிலக்கடலை போதும். வீட்டுக்கு மாதம் இரண்டரை லிட்டர் என்றால் வருடம் 360 லிட்டர். அதற்கு 900 கிலோ பருப்பு, காயாக 1,300 கிலோ வேண்டும். ஓரத்தில் துவரையும் தட்டைப்பயறும். இன்னும் 2 ஏக்கர் வரகு, குதிரைவாலி.

மிச்சமுள்ள மேட்டில் மரம்தான். நெல்லி, சீத்தா, முந்திரி, புளி இந்த மண்ணோடு ஒத்துப்போகும். குழியை மூன்றடிக்கு வெட்டி, கண்மாய் வண்டலும் தொழுவுரமும் கலந்து நிரப்புங்கள். வண்டல் எடுக்க வட்டாட்சியர் அனுமதி வாங்க வேண்டும். உங்கள் மேட்டில் உள்ள செம்புறை மண் மணிச்சத்தை (பாஸ்பரஸை)ப் பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்கு விடாது, அதனால் வெறும் மண்ணில் நட்ட கன்று குச்சியாகவே நிற்கும். கோடையில் கீதாரிகளிடம் (ஆடு மேய்ப்பவர்களிடம்) பேசி ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்கள், இரவில் மந்தை தங்கும் இடத்தில் புழுக்கை விழுந்து நிலம் தேறும். ஆனால் அந்த மேடு முழுவதும் ஒரே வருடத்தில் மரம் நடாதீர்கள். முதல் இரண்டு கோடையில் குடம் சுமந்து ஊற்றக்கூடிய எண்ணிக்கை எவ்வளவோ அவ்வளவுதான். 150 கன்று நட்டு 140 பிழைப்பது, 1,000 நட்டு 200 பிழைப்பதைவிட மேல்.

மாட்டைப் பொதுவில் வைக்க வேண்டாம் என்பேன். மாடு ஒரு கைக்குப் பழகும், அது சினைக்கு வந்ததை அந்தக் கைதான் கண்டுபிடிக்கும். பழக்கமுள்ள இரண்டு குடும்பம் ஆளுக்கு இரண்டு மாடு வைத்து, மற்றவர்களுக்குப் பாலை விலைக்கு ஊற்றட்டும். சாணம் பண்ணைக்கு, தீவனப்புல் பண்ணையிலிருந்து, இரண்டுக்கும் கணக்கு உண்டு. கோழி அவரவர் வீட்டில். மீன் ஆசையைக் குட்டையில் இரண்டு வருடம் தண்ணீர் நிற்பதைப் பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பங்கு. இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். எட்டுக் குடும்பம் சேர்ந்து தொடங்கிய ஒரு பண்ணை மூன்றாவது வருடம் கலைந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மழை பொய்க்கவில்லை, விளைச்சலும் மோசமில்லை. களை எடுக்கத் தினம் வந்தவர்களும் அறுப்புக்கு மட்டும் வந்தவர்களும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் வருடம் யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் வருடம் தினம் வந்தவர்கள் வருவதைக் குறைத்தார்கள். மூன்றாம் வருடம் களை பயிரை மூடிவிட்டது. அந்த நிலத்தில் இப்போது சீமைக்கருவேலம் நிற்கிறது. நினைத்தால் இன்றும் மனசு வலிக்கிறது.

அதனால் நிலம், உழைப்பு, பணம் மூன்றுக்கும் மூன்று கணக்கு வையுங்கள். வேலைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும், நிலத்துக்குச் சொந்தக்காரரே ஆனாலும், அன்றைய ஊர்க்கூலி அவர் பெயரில் ஏற வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. பணம் போட்டவருக்கு வங்கி வட்டி அளவு. வருமானத்தில் கூலி, விதை, வட்டி எல்லாம் கழித்து, பத்தில் ஒரு பங்கை வறட்சிக்கென்று எடுத்து வைத்து, மிச்சத்தை ஏக்கர் கணக்கில் பிரியுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் அரிசியும் எண்ணெயும் இலவசமாக இருக்கக் கூடாது, ஒரு விலை போட்டு அவரவர் பற்றுக் கணக்கில் எழுதுங்கள்.

வாக்கு மட்டும் குடும்பத்துக்கு ஒன்று. 4 ஏக்கர் கொடுத்தவருக்கும் அரை ஏக்கர் கொடுத்தவருக்கும் ஒன்றுதான். அதிகப் பணம் போடப்போவது நீங்கள்தான் என்று நினைக்கிறேன், உங்களுக்கும் ஒன்றுதான். நம் பக்கத்தில் இது புதிதல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் ஊர்ப் பொதுக்காரியங்களில் புள்ளிக் கணக்குப் பார்க்கிறார்களே, மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, அதே முறை. வருடக் கடைசியில் அவர்கள் ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுப்பதுபோல நீங்களும் தையில் அறுப்பு முடிந்ததும் எல்லார் முன்னிலும் பேரேட்டை வாசியுங்கள். படிக்கத் தெரியாதவர் காதிலும் விழ வேண்டும்.

பத்திரத்தில் கை வைக்க வேண்டாம், நிலம் அவரவர் பெயரிலேயே இருக்கட்டும். முதல் இரண்டு வருடத்துக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் போதும். விலகுகிறவருக்கு எப்படிக் கணக்கு முடிப்பது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். அதன் பிறகு உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யலாம். அதற்கு 10 உற்பத்தியாளர்கள் போதும், இயக்குநர்கள் குறைந்தது 5 பேர் வேண்டும், அங்கேயும் ஒருவருக்கு ஒரு வாக்கு. ஆண்டுதோறும் தணிக்கைச் செலவு உண்டு என்பதால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

குன்றக்குடி உங்களுக்குத் தூரமில்லை. அடிகளார் 1970களில் அங்கே தொடங்கிய கிராமத் திட்டம், அந்த ஊர் மக்களையே கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்த்து நடந்தது. அந்தக் காலத்து ஆட்கள் யாராவது இருந்தால் உங்கள் 12 குடும்பமும் போய் ஒரு நாள் பேசிவிட்டு வாருங்கள். வேளாண் அறிவியல் நிலையமும் அதே ஊரில்தான் இருக்கிறது. செட்டிநாட்டில் உள்ள உலர்நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரிப் பயிரையும் மரப்பயிரையும் பற்றிக் கேளுங்கள்.

இந்த மாதம் செய்ய வேண்டியது இரண்டுதான். மேட்டுநிலத்தில் நான்கு இடத்தில் கடப்பாரையால் தோண்டி, எத்தனை அடியில் செம்புறாங்கல் (கெட்டியான செந்நிறக் கல்) தட்டுகிறது என்று குறித்து, மண் மாதிரியும் எடுத்துக் கொடுங்கள். அப்புறம் 12 குடும்பத்திலும், வாரத்தில் எத்தனை நாள் யார் வேலைக்கு வருவார்கள் என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். இரண்டையும் எனக்கு அனுப்பினால் முதல் வருடப் பயிர்த் திட்டத்தை நானே உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.