டி-ஷர்ட்டில் ஒட்டிய பெயரை எடுப்பது எப்படி?

கேள்வி: பெரியவனுக்குச் சின்னதாகிவிட்ட டி-ஷர்ட்டுகள் துணி கெடாமல் அப்படியே இருக்கின்றன. முதுகில் அவன் பெயரும் எண்ணும் அயர்ன் செய்து ஒட்டிய ஸ்டிக்கர். பாதி வெடித்துவிட்டது. "அண்ணன் பேரைப் போட்டுக்கிட்டுப் போக மாட்டேன்" என்று சின்னவன் அடம்பிடிக்கிறான். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ் போட்டும் அசையவில்லை. என்ன செய்வது?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: சின்னவன் சொல்வது நியாயம்தான். சோப்புக்கு அது அசையாது. எழுத்துக்கு அடியில் இருப்பது சூட்டில் இளகிப் பிடிக்கிற பசை; கடையில் சுமார் 150 டிகிரி சூட்டில் அழுத்தியிருப்பார்கள். அதை இளக்கவும் சூடுதான் வேண்டும்.

முதலில் எழுத்தின் ஓரத்தை நகத்தால் நெருடிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் எடுத்துவிடலாம். துணியோடு துணியாக வழுவழுவென்று இருந்தால், அதுவும் பாலியஸ்டர் ஜெர்சியாக இருந்தால், அது சப்ளிமேஷன் பிரிண்ட். சாயம் நூலுக்குள்ளேயே இறங்கியிருக்கும். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சட்டையை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி, எழுத்து கீழே பார்க்கும்படி விரித்து, எழுத்துக்கு அடியில் சட்டைக்குள் ஒரு பழைய பருத்தித் துணியை நுழைத்து வையுங்கள். நீராவி இல்லாமல், பின்பக்கத்திலிருந்து ஓர் எழுத்தை மட்டும் சில விநாடிகள் அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். பருத்திக்கு நல்ல சூடு, பாலியஸ்டர் கலந்திருந்தால் குறைந்த சூடு. ஸ்டிக்கர்மேல் நேராக வைத்தால் அது பெட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அதைச் சுரண்டுவது தனி வேலை. சூடு ஆறுவதற்குள் புருவம் திருத்தும் பிளக்கரால் ஒரு மூலையைப் பிடித்து, மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்காமல், துணியை ஒட்டியே பின்னுக்கு உரியுங்கள். பனியன் துணி சட்டென்று ஓட்டை விழும். வெடித்த பழைய ஸ்டிக்கர் முழுதாக வராது, துணுக்குத் துணுக்காகத்தான் வரும். திரும்பத் திரும்பச் சூடு காட்டுங்கள்.

மிஞ்சும் பிசுக்குக்கு என் ஓட்டு நீலகிரித் தைலத்துக்கு. பஞ்சில் தொட்டு வைத்து, ஐந்து நிமிடம் கழித்துக் கரண்டி விளிம்பால் சுரண்டினால் உருண்டு வரும். அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவரும் கேட்கும். ஆனால் அசிட்டேட் என்ற இழை கலந்த துணியை அது கரைத்தேவிடும். எதைப் போடுவதானாலும் உள்தையலில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். இரண்டுமே தீப்பிடிப்பவை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள், அது ஈரமாக இருக்கும்போது அயர்ன் பாக்ஸையும் தொடாதீர்கள். சிலர் மண்ணெண்ணெய் போடச் சொல்வார்கள். வேண்டாம், அந்த வாடை லேசில் போகாது.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்றியுள்ள துணி வெயிலிலும் துவைப்பிலும் வெளுத்திருக்கும், ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது வெளுத்திருக்காது. அடர்நிறச் சட்டையாக இருந்தால் எழுத்தை எடுத்த பிறகும் அண்ணன் பெயரைப் படிக்க முடியும்! அப்படியானால் தையல்காரரிடம் கொடுத்து அந்த இடத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கலாம். இல்லையென்றால் ஜெர்சி பிரிண்ட் போடும் கடையில் சின்னவன் பெயரைப் பெரிதாக, பட்டையாக ஒட்டச் சொல்லலாம். தைலம் போட்ட சட்டையை அதற்குமுன் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு நன்றாக அலசிக் காயவையுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் புது ஸ்டிக்கர் பிடிக்காது.