பன்றிக்குப் போட்ட கம்பியில யானை செத்தா 3 வருஷமா?

வணக்கம் சகோ. கடலைக்காட்டுல பன்றிக்காகக் கரண்ட் கம்பி இழுத்து, அதுல யானை செத்து, சித்தப்பா கைதாகிட்டார், 3 வருஷம் அநியாயம்னு எழுதியிருக்கீங்க. செடியெல்லாம் பிடுங்கிக் குழிகுழியாக் கிளறிப் போட்ட காட்டை விடியக்காலையில பார்த்து நின்னவன் நான். வலி புரியுது.

ஆனாலும் தண்டனை நியாயம்தான். யானை, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல அதிகப் பாதுகாப்பு கொடுக்கிற முதல் அட்டவணையில இருக்கிற விலங்கு. அதைக் கொன்னா 3 முதல் 7 வருஷம் சிறை, குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம். சோலார் வேலி சுண்டி உதறி விட்டுடும், கரண்ட் லைன்ல நேரா இழுத்த கம்பி பிடிச்சா விடாது. 2023 மார்ச்சில தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படித்தான் 3 யானை செத்துச்சு. ரெண்டு குட்டி அங்கேயே சுத்திட்டு நின்னுச்சு. ராத்திரி தண்ணி பாய்ச்சப் போற மனுஷனும் அதே கம்பியிலதான் விழுறான்.

பயிர் நஷ்டஈட்டுக்கு அலைய விடுறாங்க பாருங்க, அதுதான் அநியாயம். சித்தப்பா முன்னாடி கொடுத்த பயிர்ச்சேத மனு, போட்டோ இருந்தா உடனே வக்கீல்கிட்ட கொடுங்க.